ஸ்கேனுக்குப் போன அந்தப் பத்து நிமிடம்

ரத்தக்குழாய் அறுவை மருத்துவரின் கேள்வி – பதில் பகுதி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய்) வீக்கம், அதாவது அனியூரிசம், பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதம் நீளமானது, பதிலும் நீளம்தான். அவசரக்காரர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம்.

கேள்வி: என் அண்ணனுக்கு 68 வயது. திடீரென்று இடுப்பின் இடப்பக்கம் தாங்க முடியாத வலி. முதலில் காட்டிய இடத்தில் சிறுநீரகக் கல் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த சில மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டி, தலைசுற்றி விழுந்துவிட்டார். பெரிய மருத்துவமனையில் வயிற்றில் கை வைத்துப் பார்த்ததுமே 'ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது' என்றார்கள். ஆனால் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குப் போகாமல் சி.டி. ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். வெளியில் நின்ற எங்களுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அண்ணனின் இரண்டு சிறுநீரகமும் பிறவியிலேயே ஒட்டியவை என்று அப்போதுதான் தெரிந்ததாம். நடு வயிற்றில் வெட்டாமல் இடப்பக்க விலாவிலிருந்து வெட்டியிருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் மூன்று வாரம் டயாலிசிஸ். அந்த ஸ்கேன் நேரத்தை மிச்சம் பிடித்திருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமா? – ஒரு தங்கை

பதில்: சகோதரி, உங்கள் கோபத்தில் பாதி நியாயம். அந்தப் பாதி, ஊசி போட்டு அனுப்பியவர்களுக்கு உரியது. பெருந்தமனி கசியும்போது ரத்தம் பெரும்பாலும் வயிற்று உறைக்குப் பின்னால், முதுகுப் பக்கமாக, அதுவும் இடப்புறத்தில்தான் தேங்கும். வலி இடுப்பில் பிடித்துக் கவட்டை வரை இறங்கும். கல் வலியும் அச்சு அசல் அப்படியேதான். அதனால் பயிற்சிக் காலத்திலேயே எங்கள் மண்டையில் ஏற்றிவிடும் விதி ஒன்று உண்டு: அறுபதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் 'கல் வலி' வந்தால், கல்லைத் தேடும் முன் பெருந்தமனியைப் பார். கட்டிலருகே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டே போதும். வலி, சரியும் ரத்த அழுத்தம், வயிற்றில் துடிக்கும் கட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் யாரும் கோட்டை விட மாட்டார்கள். பலருக்கு மூன்றும் சேர்ந்து வருவதில்லை.

ஆனால் ஸ்கேன் எடுத்தவர்கள் மீது கோபப்படாதீர்கள். பெருந்தமனி வயிற்றுக்குள் நேராகத் திறந்துகொண்டால் நோயாளி மருத்துவமனையைப் பார்ப்பதே அரிது. உயிரோடு வந்து சேர்பவர்களில் பெரும்பாலோருக்கு, சுற்றியுள்ள திசுக்களும் உறைந்த ரத்தமும் ஓட்டையைத் தற்காலிகமாக அழுத்திப் பிடித்திருக்கும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மருத்துவர்கள் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெருந்தமனி வெடித்து வந்து, ஏதோ காரணத்தால் அறுவை செய்யாமல் விடப்பட்ட நோயாளிகள் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மருத்துவமனைக்கு வந்து இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தார்கள். கேட்கச் சங்கடமான ஆய்வுதான். ஆனால் ஸ்கேனுக்கு நேரம் இருக்கிறதா என்ற பழைய சண்டையைப் பெருமளவு தீர்த்தது அது. நாடி கிடைக்கவில்லை, நினைவு தப்பிவிட்டது என்றால் கதை வேறு. அப்போது ஸ்கேன் பேச்சே கிடையாது, நேராகத் தியேட்டர்தான். உங்கள் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். பேசும் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்பேன்.

ஏன் என்றால், அந்தச் சிறுநீரகம். கருவில் சிறுநீரகங்கள் இடுப்புக்கூட்டில் உருவாகி மெல்ல மேலே ஏறும். ஏறும்போது இரண்டின் கீழ்முனைகளும் ஒட்டிக்கொண்டால் குதிரை லாட வடிவம். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இப்படி அமைகிறது. பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்கத் தெரியவே தெரியாது. ஒட்டிய பகுதி மேலே ஏறும் வழியில், பெருங்குடலுக்குப் போகும் கீழ்த் தமனியில் தட்டி நின்றுவிடும். நிற்கும் இடத்தைப் பாருங்கள்: பெருந்தமனிக்கு நேர் முன்னால், வீக்கம் வழக்கமாக வரும் அதே மட்டத்தில். நடு வயிற்றைத் திறந்து உள்ளே போகும் மருத்துவருக்குப் பெருந்தமனி கண்ணில் படாது. குறுக்கே சிறுநீரகம் படுத்திருக்கும். அதற்கு முன்னால் இரண்டு சிறுநீர்க்குழாய்களும் இறங்கிக்கொண்டிருக்கும்.

சரி, ஒட்டிய இடத்தை வெட்டி ஒதுக்கினால் என்ன? மெல்லிய நார் மாதிரி இருந்தால் சிலர் வெட்டுவதுண்டு. தடித்த, வேலை செய்யும் சிறுநீரகத் திசுவாக இருந்தால் வெட்டிய இடத்தில் ரத்தம் வடியும், சிறுநீர் கசியும். பக்கத்திலேயே புதிதாகத் தைத்த செயற்கைக் குழாய். அதில் கிருமி புகுந்தால் வெடித்ததை விடப் பெரிய பிரச்சினை. நான் வெட்ட மாட்டேன்.

இன்னொரு வம்பு, ரத்தம் போகும் வழி. சாதாரணமாக ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு தமனி. குதிரை லாடத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து கூட இருக்கலாம். பெருந்தமனியில் எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பும். சில வீங்கிய பையிலிருந்தே கிளம்பும். சில காலுக்குப் போகும் குழாயிலிருந்து. சிறுநீரகத் தமனி ஒன்றை அடைத்தால் பக்கத்துத் தமனி வந்து கைகொடுக்காது. அது ஊட்டிய பகுதி செத்ததுதான். அதனால் பெரிய தமனியாக இருந்தால் அதன் வாயைச் சுற்றிப் பெருந்தமனிச் சுவரில் ஒரு சின்ன வட்டத்தையும் சேர்த்து வெட்டியெடுத்துப் புதிய குழாயில் தைத்துவிடுவோம். ரத்தக்குழாய்த் தையலுக்காக 1912-இல் நோபல் பரிசு வாங்கிய அலெக்சிஸ் காரெல் காட்டிய வழி அது. மிகச் சிறியதைக் கட்டிவிடலாம். எது பெரியது, எது சிறியது, எங்கே இருக்கிறது? ரத்தம் குளம் கட்டிய வயிற்றுக்குள் விரலால் தடவிக் கண்டுபிடிப்பது, அறியாத வீட்டில் கரண்ட் போன ராத்திரி ஸ்விட்ச் தேடுவது மாதிரி. ஸ்கேன் அதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

விலாப் பக்கம் வெட்டியதும் அதனால்தான். இடப்பக்கத்தைத் தூக்கிப் படுக்கவைத்து, விலாவிலிருந்து வெட்டி, குடலையும் சிறுநீரகத்தையும் வயிற்று உறையோடு முன்னால் வலப்பக்கமாக ஒதுக்கிவிட்டால் பெருந்தமனி பின்பக்கத்திலிருந்து முழுசாகத் தெரியும். ஒட்டிய பகுதியைத் தொடவே வேண்டாம். குறை இல்லாமல் இல்லை: வலது காலுக்குப் போகும் குழாயை எட்டுவது கஷ்டம், படுக்கவைத்துத் தயார் செய்ய நேரம் பிடிக்கும். ரத்தம் கொட்டும் நேரத்தில் பல மருத்துவர்கள் நடு வயிற்றைத்தான் திறப்பார்கள். சட்டென்று கல்லீரலுக்குப் பின்னால், உதரவிதானத்தை ஒட்டிப் பெருந்தமனியை இடுக்கிவிடலாம், அதாவது இடுக்கி போட்டு ரத்தத்தை நிறுத்திவிடலாம் என்பதால். அண்ணனின் ரத்த அழுத்தம் தாக்குப்பிடித்ததால் அவருக்குப் பக்கவாட்டு வழி சாத்தியமானது.

டயாலிசிஸுக்கு வருகிறேன். சிறுநீரகத்துக்குக் கெடுதி செய்தவை முதலில் ரத்த அழுத்தம் விழுந்த நேரம். பிறகு சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே பெருந்தமனியை இடுக்கிவைத்த நேரம். ஏறக்குறைய அரை மணி நேரத்தைத் தாண்டினால் சிறுநீரகம் முனகத் தொடங்கும். ஸ்கேனுக்காக ஏற்றும் சாய மருந்துக்கும் சின்னப் பங்கு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் வழி தெரியாமல் உள்ளே போயிருந்தால் இடுக்கியிருக்கும் நேரம்தான் இழுத்துக்கொண்டே போயிருக்கும். மூன்று வாரத்தில் டயாலிசிஸை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் சிறுநீரகம் களைத்திருந்தது, சாகவில்லை.

அப்புறம் ஒன்று. இந்த நோய் குடும்பத்தில் ஓடும். நீங்களும் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். பெண் என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குப் பெருந்தமனி வெடித்தபோது ஆம்புலன்ஸில் டிரிப்ஸ் ஏற்றவே இல்லை. மேல் அழுத்தம் 80 என்று தெரிந்தும் 'பரவாயில்லை' என்றார்கள். தியேட்டருக்குள் அவர் முழு நினைவோடு இருக்கும்போதே வயிற்றைக் கழுவித் துணி போர்த்தினார்களாம். பிழைத்து வந்து அவர் சொன்ன முதல் விஷயமே அதுதான். இவ்வளவு இரக்கமில்லாமலா? – ஒரு மகன்

பதில்: இரண்டுமே கணக்குப் போட்டுச் செய்தவை. ஓட்டையை அடைத்திருப்பது உறைந்த ரத்தம். டிரிப்ஸை ஓட விட்டு அழுத்தத்தை 120-க்கு ஏற்றினால் அந்த அடைப்பு பிய்த்துக்கொள்ளும். ஏற்றிய திரவம் மிச்ச ரத்தத்தையும் நீர்க்கவைத்து உறையவிடாமல் செய்யும். கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, ஆளைத் தெரிகிறதா என்று பார்ப்போம். நினைவு தெளிவாக இருந்தால் 70 முதல் 90 வரை இருந்தாலும் கை வைக்க மாட்டோம்.

மயக்க மருந்து இன்னும் பயங்கரம். வயிற்றுத் தசைகள் விறைத்திருப்பதும் கசிவை ஓரளவு அழுத்தி வைத்திருக்கிறது. மயக்கம் கொடுத்த அடுத்த கணம் தசை தளரும், ரத்தக்குழாய்கள் விரியும், அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். அதனால் கழுவி, துணி போர்த்தி, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மயக்க மருத்துவரைப் பார்த்துத் தலையசைப்போம். அப்பாவிடம் அந்த நேரத்தில் யாராவது ஒருவர் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால், அதில் மட்டும் உங்கள் பக்கம் நான்.

கேள்வி: இப்போதெல்லாம் தொடை வழியாக ஸ்டென்ட் வைக்கிறார்களே, எதற்கு இன்னமும் வயிற்றைக் கிழிக்க வேண்டும்? – செவிலியர் படிப்பு மாணவி

பதில்: அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி 1990-இல் தொடைத் தமனி வழியாக உறையிட்ட ஸ்டென்டை, அதாவது துணி போர்த்திய கம்பிவலைக் குழாயை, ஏற்றி வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தைச் சரிசெய்தார். அன்றிலிருந்து திட்டமிட்ட சிகிச்சையில் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. வெடித்த நிலையில் எப்படி என்று பார்க்க, பெரும்பாலும் பிரிட்டன் மருத்துவமனைகளில், 613 நோயாளிகளை வைத்து 'இம்ப்ரூவ்' என்ற சோதனை நடந்தது. 2014-இல் வந்த முடிவு பலருக்கு ஏமாற்றம்: ஸ்டென்டை முதலில் முயன்ற குழுவில் 30 நாட்களுக்குள் 35 சதவீதம் பேர் இறந்தார்கள், திறந்த அறுவைக் குழுவில் 37. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது ஸ்டென்ட் குழுவில் கூடுதல் பேர் உயிரோடு இருந்தார்கள். இடத்தை மட்டும் மரக்கவைத்து ஸ்டென்ட் வைத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பதும் அதில் தெரிந்தது. முந்தைய பதிலைப் படித்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

எல்லாருக்கும் வைக்க முடியாது. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வீக்கம் தொடங்குமுன், குறைந்தது ஒன்று ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு நல்ல குழாய் வேண்டும். ஸ்டென்ட் பிடித்துக்கொள்வது அங்கேதான். அந்த இடம் ரொம்ப வளைந்திருந்தால் நழுவும். தொடை, இடுப்புத் தமனிகள் கருவி நுழையும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும்.

குதிரை லாடச் சிறுநீரகத்துக்கு ஸ்டென்ட் ஒரு வகையில் வரப்பிரசாதம்: குழாய்க்கு உள்ளேயே வேலை நடப்பதால் முன்னால் என்ன படுத்திருந்தாலும் கவலையில்லை. ஆனால் பையிலிருந்து கிளம்பும் சிறுநீரகத் தமனிகளை ஸ்டென்டின் உறை மூடிவிடும். 3 மி.மீ.க்குக் குறைவான தமனி என்றால் அந்தச் சின்னப் பகுதியை இழக்கத் துணியலாம். பாதிச் சிறுநீரகத்தை ஊட்டும் தமனி என்றால் யோசிக்க வேண்டும். வைத்த பிறகும் ஆயுள் முழுக்க ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பைக்குள் மறுபடி ரத்தம் கசிகிறதா என்று. இதை நோயாளிகளிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். இரண்டாவது வருடம் வர மாட்டார்கள்.

கேள்வி: எனக்கு இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம். இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. நாளை எனக்கு இப்படி அவசர அறுவை தேவைப்பட்டால் மருத்துவர் குழம்ப மாட்டாரா? – 59 வயது வாசகர்

பதில்: சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உங்களைப் போல உள்ளுறுப்புகள் முழுவதும் இடம் மாறியிருக்கும். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் குழப்பம் பெரிதல்ல. வழக்கமாக வலப்பக்கம் நிற்பவர் இடப்பக்கம் நின்று செய்வார், முதல் கடிதத்து அண்ணனுக்கு இடது விலாவில் வெட்டியதை உங்களுக்கு வலது விலாவில் வெட்டுவார். கைப்பழக்கம் மட்டும் எரிச்சலூட்டும். ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கும்.

உண்மையைச் சொன்னால், எனக்கு உங்களைப் போன்றவர்களைக் கண்டு பயமில்லை. மார்பில் கை வைத்தாலே தெரிந்துவிடும். வெளியே எதுவும் காட்டாத சிரைக் கோளாறுகள்தான் தூக்கத்தைக் கெடுப்பவை. இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் குறுக்கே ஓடும்; எங்களுக்கு அது எல்லைக்கல், அதற்குக் கீழே இடுக்கலாம் என்று அர்த்தம். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு அது பெருந்தமனிக்குப் பின்னால் ஓடும். தெரியாமல் விரலைப் பின்னால் விட்டுச் சுற்றினால் சிரை கிழியும். தமனி ரத்தத்தையாவது இடுக்கி நிறுத்தலாம். பெருந்தமனிக்குப் பின்னால் கிழிந்த சிரையைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு. 'முன்னால் சிரையைக் காணோம் என்றால் பின்னால் இருக்கிறது என்று நினை' என்று என் ஆசிரியர் அடிக்கடி சொல்வார். இன்னும் சிலருக்கு, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, உடலின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப் பெருஞ்சிரை இடப்பக்கம் ஏறி, சரியாக நாங்கள் இடுக்க நினைக்கும் இடத்தில் பெருந்தமனியைத் தாண்டி வலப்பக்கம் போகும்.

பழைய ஸ்கேன் அறிக்கைகளில் இதெல்லாம் கடைசி வரியில் கிடக்கும், 'தற்செயலாகக் கண்டது' என்ற தலைப்பில். யாரும் படிப்பதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் உடலமைப்பை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், கைப்பேசியின் அவசர மருத்துவக் குறிப்பிலும் போடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். நினைவு தப்பிய நோயாளி தன் கல்லீரல் எங்கே என்று சொல்ல மாட்டார்.

கேள்வி: ஐன்ஸ்டீன் இதே நோயால்தான் இறந்தாராமே? அவர் அறுவையே வேண்டாம் என்றாராம், உண்மையா? – கல்லூரி மாணவர்

பதில்: உண்மை. 1948-இல் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் அவர் வயிற்றைத் திறந்தபோது பெரிய வீக்கம் இருந்தது. அன்றைக்கு அதை அகற்றி மாற்றும் வழி கிடையாது. செலோஃபேன் தாளைச் சுற்றி வைத்தார். உடல் அதை எதிர்த்து நார்த்திசு வளர்க்கும், சுவர் கெட்டியாகும் என்ற எண்ணம். சிரிக்காதீர்கள், ஆறு வருடத்துக்கு மேல் தாங்கியது. 1951-இல் பாரிஸில் சார்ல்ஸ் துபோஸ்த், இறந்தவரிடமிருந்து எடுத்த பெருந்தமனியை வைத்து வீக்கத்தை மாற்றிக் காட்டினார். பிறகு டாக்ரான் துணிக் குழாய் வந்தது. அமெரிக்காவின் மைக்கேல் டிபேக்கி முதல் குழாய்களைத் தன் மனைவியின் தையல் இயந்திரத்தில் தைத்துப் பார்த்தவர். ஆக 1955 ஏப்ரலில் ஐன்ஸ்டீனுக்கு வெடித்தபோது அறுவை சாத்தியம்தான். செயற்கையாக ஆயுளை இழுக்க விருப்பமில்லை என்று மறுத்துவிட்டார். ஏப்ரல் 18-ஆம் தேதி, 76 வயதில் இறந்தார். வலி பித்தப்பை வலி போலத் தெரிந்ததாம். கல், பித்தப்பை, முதுகுப் பிடிப்பு – இந்த நோய் போடும் வேஷம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அவர் மறுத்தது சரியா என்று கேட்டால், அன்றைய நிலையில் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. யோசித்து எடுத்த முடிவு. நான் வாதாட மாட்டேன்.

கேள்வி: எனக்குச் சிறுநீரக மாற்று நடந்து ஒன்பது வருடம். இப்போது பெருந்தமனி 3.8 செ.மீ. என்கிறது ஸ்கேன். உடனே அறுவை செய்துவிட்டால் நிம்மதியா? – 63 வயது வாசகர்

பதில்: வேண்டாம். சாதாரணப் பெருந்தமனி 2 செ.மீ. இருக்கும்; சுற்றளவு இல்லை, விட்டம். அது 3 செ.மீ. தொட்டால் அனியூரிசம் என்போம். ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. வரும்போதுதான் அறுவைப் பேச்சு. வேகமாக வளர்ந்தாலோ வலி வந்தாலோ அதற்கு முன்பே. 1998-இல் வெளியான பிரிட்டன் சோதனையில் 5.5-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு அவசரப்பட்டு அறுவை செய்ததால் ஆயுள் கூடவில்லை. புகைபிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்துங்கள். வீக்கத்தை வேகப்படுத்துவதில் அதற்கு இணை இல்லை. ஃபுளோரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக் எழுதினால், எனக்கு அனியூரிசம் இருக்கிறது என்று சொல்லுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அது பற்றி எச்சரித்திருக்கிறது.

உங்கள் புதிய சிறுநீரகம் இடுப்பில், காலுக்குப் போகும் தமனியில் இணைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் அறுவை தேவைப்பட்டு மேலே பெருந்தமனியை இடுக்கினால் அதற்கும் ரத்தம் நிற்கும். ஸ்டென்ட் பொருந்தினால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இல்லையென்றால் அறுவை நேரத்தில் சிறுநீரகத்துக்குத் தற்காலிகமாக வேறு வழியில் ரத்தம் விடவோ, அதைக் குளிரவைக்கவோ ஏற்பாடு செய்வார்கள். எந்தப் பக்கம் இணைத்தார்கள், எந்தத் தமனியில் என்ற மாற்று அறுவைக் குறிப்பின் நகலை இப்போதே வாங்கி வையுங்கள். அடுத்த அல்ட்ராசவுண்ட் எப்போது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார், 4 செ.மீ.க்குக் கீழ் என்றால் சில நாடுகளில் வருடம் ஒருமுறை, சில இடங்களில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் நிலையில் நான் வருடா வருடம் பார்ப்பேன்.